மனசு நல்ல மனசுதான், விமானத்தை யார் ஓட்டுவது?

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி மொத்தக் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போன எதிரணி நண்பர்களே, எங்கள் அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

இன்றைய பணியிடத்தில் வெற்றி தருவது திறமையா, மனப்பான்மையா என்பது தலைப்பு. நான் திறமையின் பக்கம். இந்தப் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. பணிவு, பொறுமை, ஒத்துழைப்பு, கற்கும் ஆர்வம் என்று நல்ல நல்ல சொல்லையெல்லாம் எதிரணி முதலிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்களுக்கு மிச்சம் விட்டது எக்செல் மட்டும்தான். பரவாயில்லை, இருப்பதை வைத்துப் பேசுகிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார் ஒரு விபத்தைச் சொன்னார். 1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் டெனெரீஃப் விமான நிலையம். கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் கே.எல்.எம், பான் ஆம் என்ற நிறுவனங்களின் இரண்டு ஜம்போ விமானங்கள். கே.எல்.எம் கேப்டன் அந்த நிறுவனத்தின் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். புறப்படும் அனுமதி வராமலே அவர் விமானத்தைக் கிளப்பினார். "அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். சில விநாடிகளில் மோதல். 583 பேர் இறந்தார்கள். "திறமை மலைபோல இருந்தது, காது கொடுக்கும் மனம்தான் இல்லை" என்று அம்மையார் முடித்தபோது அரங்கமே அமைதியாகிவிட்டது. நானே ஒரு நிமிடம், பேசாமல் அந்த அணிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

ஆனால் அம்மையார் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார், நடுவர் அவர்களே. அப்புறம் விமானத் துறை என்ன செய்தது? "கேப்டன்களே, இனிமேல் பணிவாக இருங்கள்" என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்ததா? இல்லை. விமானி அறையில் நடக்கும் தவறுகளை ஆராய 1979-இல் நாசா ஒரு பயிலரங்கு கூட்டியது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதைப் பாடத்திட்டமாகவே ஆக்கியது. இன்று அதற்கு க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர், விமானக் குழுவினர் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுச் சேர்ந்து வேலை செய்வதற்கான பயிற்சி. ஆபத்தைக் கண்ட இளையவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இப்படிப்பட்ட பயிற்சிகளில் வரிசையே உண்டு: முதலில் கேப்டனை அழை, பிரச்சினை என்னவென்று சொல், என்ன செய்யலாம் என்று சொல், சம்மதம் கேள். இதைச் சிமுலேட்டரில், அதாவது விமானி அறை போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில், உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். சொதப்பினால் திரும்பவும் செய்ய வேண்டும்.

இப்போது அந்த இன்ஜினியரின் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். "இன்னும் விலகவில்லையா?" அவருக்கு அக்கறை இருந்தது. மூத்தவரிடம் வாய் திறக்கும் துணிச்சலும் இருந்தது. எதிரணி கேட்கும் மனப்பான்மையில் எது குறை? சந்தேகம் கேள்வியாக வந்தது, அதுதான் குறை. "கேப்டன், பாதையில் அந்த விமானம் நிற்கலாம், நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பழகிய வாக்கியம் அவர் நாக்கில் இல்லை. ஒத்திகை பார்த்தால்தான் அது வரும்.

ஒத்திகை பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. 1989 ஜூலை 19, யுனைடெட்டின் 232-ஆம் எண் விமானம். டென்வரிலிருந்து சிகாகோ போகும் வழியில் வால் பக்க இன்ஜின் சிதறி, விமானத்தைத் திருப்பும் பாகங்களை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய்விட்டன. கேப்டன் ஆல் ஹேன்ஸ் கையில் ஸ்டியரிங் இருந்தது, அதைத் திருப்பினால் விமானம் திரும்பவில்லை. பயணிகளில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டென்னி ஃபிட்ச் என்ற விமானி ஒருவர் இருந்தார். அவரை உள்ளே அழைத்தார்கள். இரண்டு இறக்கைகளிலும் மிச்சமிருந்த இன்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்து, அதை மட்டுமே வைத்து விமானத்தைத் திருப்பியவர் அவர். 1985-இல் ஜப்பானில் இதேபோல ஹைட்ராலிக் இழந்து விழுந்த விமானத்தைப் பற்றிப் படித்து, சிமுலேட்டரில் அதை முன்பே செய்து பார்த்தவர்! சூ சிட்டியில் ஓடுபாதையில் மோதித்தான் இறங்கினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். யுனைடெட் கொடுத்த அந்த க்ரூ ரிசோர்ஸ் பயிற்சிதான் உதவியது என்று ஹேன்ஸே சொன்னார். உதவி கேட்பதை அவர் பெருந்தன்மையாகச் செய்யவில்லை, கற்றுக்கொண்ட வேலையாகச் செய்தார்.

சரி, விமானத்தை விடுங்கள். மாற்றத்தைத் தயங்காமல் ஏற்பவன்தான் இனி பிழைப்பான் என்றார் எதிரணியின் முதல் பேச்சாளர். 2023-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் தயங்கவே இல்லை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், இந்த வயதில் எனக்கெதற்கு என்று ஒதுங்காமல் சாட்ஜிபிடியிடம் முன்தீர்ப்புகளைக் கேட்டார். அது கேட்டபடி கொடுத்தது. இந்தத் தீர்ப்பு உண்மையானதா என்று அதனிடமே கேட்டுக்கொண்டார். உண்மைதான் என்றது. அது கொடுத்ததில் ஆறு தீர்ப்புகள் உலகத்திலேயே கிடையாது, கற்பனை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. ஆர்வம், திறந்த மனம், புதியதைத் தொடும் தைரியம் மூன்றும் அவரிடம் இருந்தன. அந்தக் கருவி எப்படிப் பதில் உண்டாக்குகிறது என்ற அறிவும், வந்ததை மூலத்தில் போய்ச் சரிபார்க்கும் கைப்பழக்கமும் இல்லை. "அவருக்குத்தான் முப்பது ஆண்டுத் திறமை இருந்ததே" என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அது பழைய வேலையின் திறமை ஐயா. புதிய கருவிக்குப் புதிதாகக் கற்க வேண்டும் என்றுதானே நாங்களும் சொல்கிறோம்.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையைக் காட்டி, மீண்டெழும் தன்மையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் வேலை கொடுப்பவர்கள் கேட்கும் பட்டியலில் இரண்டாவது இடம் என்றார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. முதலிடம் எதற்கு என்று சொல்லாமல் இறங்கிவிட்டார்கள். பகுத்தாய்ந்து சிந்திக்கும் திறன்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. வேலையில் தவறு இருந்தால், இந்த வரியில் தவறு என்று விரல் வைத்துக் காட்டலாம், திருத்தலாம், ஆமாம் என்றோ இல்லை என்றோ வாதாடலாம். "உன் ஆட்டிட்யூட் சரியில்லை" என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதினால் எந்த வரியைக் காட்டுவீர்கள்? கேள்வி கேட்டவருக்கும், ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனவருக்கும் இதே ஒரு சொல்தான் விழுகிறது. அமெரிக்காவின் ஐந்து பெரிய இசைக்குழுக்களில் 1970-இல் பெண்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. தேர்வில் திரை கட்ட ஆரம்பித்தார்கள். வாசிப்பவர் முகம் தெரியாது. சில இடங்களில் காலணிச் சத்தம்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தரையில் கம்பளம் விரித்தார்கள். 1990-களின் கடைசியில் பெண்கள் ஏறக்குறைய கால்பங்கு ஆகிவிட்டார்கள். இதில் திரையின் பங்கு எவ்வளவு என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். திரைக்குப் பின்னால் இருப்பவருக்கு நல்ல மனப்பான்மையா என்று யாராலும் பார்க்க முடியாது. வாசிப்பைத்தான் கேட்க முடியும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. மனப்பான்மை சரியில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அவர் எதைத் திருத்திக்கொண்டு வர வேண்டும்? "கூட்டத்தில் குறுக்கே பேசாதே, தவறு நடந்தால் அன்றைக்கே சொல்" என்று செயலாகச் சொன்னீர்கள் என்றால், அதைச் சொல்லிக்கொடுத்துப் பழக்க முடியும், அதனால் நீங்கள் எங்கள் அணிக்கு வந்துவிட்டீர்கள். செயலாகச் சொல்லத் தெரியவில்லை என்றால், அவரை எதற்காக அனுப்பினீர்கள்? பதிலை நண்பர் சொல்லட்டும், தீர்ப்பை நடுவர் சொல்லட்டும். வணக்கம்.