முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து: பிழையா, மோசடியா?

[திரையில்: எஸ்.ஆர்.டி. 1720]

2007-ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் சர்ட்ரிஸ் நிறுவனம் உருவாக்கிய எஸ்.ஆர்.டி. 1720 என்ற செயற்கைச் சேர்மம், முதுமையோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட, நம் செல்களில் இருக்கும் சர்ட்1 என்ற என்சைமைத் தூண்டுகிறது, அதுவும் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ராலைவிட ஆயிரம் மடங்கு வீரியத்தோடு என்றது. முதுமைக்கே மருந்து வந்துவிட்டது என்று ஒரே பேச்சு. அடுத்த ஆண்டே கிளாக்ஸோஸ்மித்க்ளைன் என்ற பெரிய மருந்து நிறுவனம் 72 கோடி டாலர் கொடுத்து சர்ட்ரிஸை வாங்கியது.

2010-ல் இன்னொரு மருந்து நிறுவனமான பைசரின் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

[படம்: புரதத் துண்டு, நுனியில் ஒளிரும் புள்ளி]

என்சைம் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் சர்ட்ரிஸ் ஆய்வாளர்கள் சோதனைக்கு வைக்கும் புரதத் துண்டில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். சாயம் இருந்தபோது மருந்து ஜோராக வேலை செய்தது. பைசர் ஆய்வாளர்கள் சாயத்தை எடுத்துவிட்டு இயல்பான துண்டை வைத்தார்கள். தூண்டலைக் காணோம்! கொழுப்புணவு தின்ற எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தும், முதல் கட்டுரை சொன்னதுபோல ரத்தச் சர்க்கரை குறையவில்லை.

சரி, அப்போது இது மோசடியா? அப்படிச் சொல்வது அநியாயம். எப்படிச் சோதித்தோம் என்பதை சர்ட்ரிஸ் ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். அதனால்தான் இன்னொருவரால் கேள்வி கேட்க முடிந்தது. 2013-ல் சர்ட்ரிஸ் தரப்பு சயன்ஸ் இதழில் பதிலும் சொன்னது: சாயம் இல்லாத சில புரதத் துண்டுகளிலும் தூண்டல் நடக்கிறது, என்சைமில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் அது நின்றுவிடுகிறது என்று.

மோசடி என்றால் வேறு. அதே ரெஸ்வெரட்ராலை இதயத்துக்கு நல்லது என்று எழுதிவந்த தீபக் தாஸ், அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பெயர் சொல்லாத ஒருவர் 2008-ல் கொடுத்த தகவலில் விசாரணை தொடங்கியது.

[படம்: வெஸ்டர்ன் ப்ளாட் (புரதங்களைக் கண்டறியும் சோதனை), கறுப்புப் பட்டைகள்]

இந்தப் பட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு புரதம். பட்டை தடித்திருந்தால் புரதம் அதிகம். தாஸின் கட்டுரைகளில் வெவ்வேறு சோதனைகளின் பட்டைகளைக் கணினியில் வெட்டி ஒட்டி, ஒரே சோதனைபோலக் காட்டியிருந்தார்கள் என்று விசாரணைக் குழு சொன்னது. இங்கே யார் திரும்பச் செய்து பார்ப்பது? நடக்காத சோதனைக்கு மறுசோதனை ஏது?

தாஸ் கடைசிவரை மறுத்தார். 2012 ஜனவரியில் பல்கலைக்கழகம் முடிவை அறிவித்தது: 145 இடங்களில் புனைவும் திரிப்பும். 11 இதழ்களுக்குத் தகவல் அனுப்பியது. அவர் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்ட 8,90,000 டாலர் அரசு நிதியையும் வேண்டாம் என்று மறுத்துவிட்டது.