முன்சக்கரம் ஆடுகிறதா? பால்ஸ் மாற்றுவோம்

(காட்சி: கவிழ்த்து வைத்த சைக்கிள். முன் ரிம்மைப் பிடித்து ஒரு கை இடமும் வலமும் அசைக்கிறது.)

டொக் டொக்கென்று கேட்கிறதா? ஆக்ஸில் என்கிற அச்சின் நட்டுகள் இறுக்கமாக இருந்தும் சக்கரம் இப்படி ஆடினால் கோளாறு ஹப்புக்குள்ளே, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளே. அங்கே ஆக்ஸிலைச் சுற்றி உருளும் எஃகுக் குண்டுகள்தான் பால்ஸ். கடையில் ‘ஓவராயில் பண்ணணும்’ என்பார்கள். முழுசாகக் கழற்றிச் சீர்செய்யும் ஓவர்ஹால்தான் நம் ஊர் வாயில் எண்ணெய் பூசிக்கொண்டது. ஆனால் எண்ணெய் விட்டால் மட்டும் இது தீராது.

சக்கரத்தைக் கழற்றிப் பழைய வேட்டி மேல் வையுங்கள். கட்டிலுக்கடியில் பால்ஸ் தேடும் வேலை மிச்சம். ஆக்ஸிலில் திருகிப் பால்ஸை அணைத்து நிற்கும் கூம்பு நட்டுதான் கோன். அதை மெல்லிய கோன் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து அதைப் பூட்டும் லாக்நட்டைத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் கழற்றினால் போதும், ஆக்ஸிலை மறுபக்கமாக உருவலாம்.

முன் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு 10 பால்ஸ், 3/16 அங்குலம். பின்னால் 9, கால் அங்குலம். இருந்தாலும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

(காட்சி: மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த கோன், மிக அருகில்.)

பால்ஸ் ஓடிய தடம் வழவழவென்று வளையமாக மின்னினால் நல்ல கோன். அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சந்தேகமா? பால்பாயிண்ட் பேனா முனையைத் தடத்தில் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய குழி விரலுக்குத் தெரியும். பால்ஸ் உட்காரும் ஹப்பின் கிண்ணமான கப்பிலும் குழி இருந்தால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற வேண்டி வரும்.

பால்ஸை மொத்தமாக மாற்றுங்கள். தேய்ந்ததோடு புதியதைக் கலந்தால் பாரமெல்லாம் புதியதன் தலையில் ஏறும். கப் நிறைய கிரீஸ் அப்பி ஒவ்வொன்றாகப் பதியுங்கள், விழாது.

அப்புறம்தான் பொறுமை தேவை. கோனைக் கையால் பால்ஸைத் தொடும் வரை திருகி, ஒரு இம்மி பின்வாங்குங்கள். கோன் திரும்பாமல் ஸ்பானரால் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது அது கோனையும் உள்ளே தள்ளும். விட்ட இடைவெளி காணாமல் போகும். முதல் தடவை எனக்கு ஐந்தாறு முறை திரும்பத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. ஆக்ஸிலை விரலால் உருட்டுங்கள்: நறநறவென்றால் இறுக்கம், டொக் என்றால் தளர்வு. நட்டுக்குப் பதில் கைப்பிடியை மடக்கிப் பூட்டும் க்விக் ரிலீஸ் சக்கரமென்றால் துளி ஆட்டம் விட்டுவையுங்கள். மாட்டி மடக்கியதும் ஆக்ஸில் அமுங்கி அது மறைந்துவிடும்.

(காட்சி: சக்கரம் மாட்டியாயிற்று. மெல்ல ஒரு தள்ளு.)

பாருங்கள், கனமான வால்வுப் பக்கம் கீழே வந்து ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி அடங்குகிறது. உங்களுடையது பட்டென்று நின்றுவிட்டதா? சரி, ஸ்பானரை எடுங்கள், கோனைக் கொஞ்சம் தளர்த்துவோம்.