ஈசியூ லீன் என்கிறது, பிளக்கோ அடுப்புக்கரி!

வணக்கம் மக்களே. ஒரு பத்து நொடி நான் வாயை மூடிக்கொள்கிறேன், என்ஜின் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

கேட்டீர்களா? அந்த டிக் டிக் இல்லை! போன மூன்று வீடியோவிலும் "அது டாப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) சத்தம், விடுங்க" என்று அடித்துச் சொன்னவன் நான்தான். "அண்ணா, மேனிஃபோல்டு பக்கம் பாருங்க" என்று, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுப்பைப் பார்க்கச் சொல்லி, கமென்டில் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஒரு லைக்கைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். தம்பி, மன்னிச்சிரு.

என்ஜின் மாற்றி முதல் தடவை ஸ்டார்ட் ஆன நாளிலிருந்தே செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் வந்த எரர் கோடு பி0171. மிக்ஸ்சர் லீன், காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூ, அதாவது என்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர், புலம்புகிறது. ஆனால் வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் பெட்ரோல் நெடியில் கண் எரிகிறது. பிளக்கைக் கழற்றினால் நான்கும் அடுப்புக்கரி. உண்மையிலேயே லீனாக ஓடினால் பிளக் வெளுத்திருக்க வேண்டும், இங்கே விரலெல்லாம் கரி. நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்ததால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று பழி போடவும் வழியில்லை.

இந்த இடத்தில் ஆளாளுக்குச் சொல்வது ஒன்றுதான்: "ஆக்சிஜன் சென்சாரை மாத்து." புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து ஈசியூவுக்குச் சொல்லும் சென்சார் அது. இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட நானே மாற்றினேன், அதுதான் கேவலம். புது சென்சார், அதே கோடு, பணம் தண்டம். ஐந்து நிமிடம் ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது ஓடும்போதே சென்சார் காட்டும் அளவு, பார்த்திருந்தால் போதும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் பெட்ரோல் கூடி சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல் தாவ வேண்டும், காலை எடுத்ததும் 0.2க்குக் கீழே விழ வேண்டும். பழையதைத் திரும்பப் பூட்டிப் பார்த்தேன், சொன்னபடி ஆடியது. அது பாவம், கண்ணில் பட்டதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கு முன்னால் கூலன்ட் சென்சார் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பத்தை அளப்பது) கூத்து ஒன்று நடந்தது. மரை பொருந்துகிறதே என்று பழைய என்ஜினின் சென்சாரை இதில் போட்டிருந்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் திருப்பிப் பார்த்தால், உள்ளே போகும் காற்றின் வெப்பமும் கூலன்ட் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். எனக்குக் காற்று 29 டிகிரி, கூலன்ட் 11 டிகிரி! என்ஜின் குளிரில் நடுங்குகிறது என்று நம்பி ஈசியூ பெட்ரோலை அள்ளிக் கொட்டியிருக்கிறது. சரியான சென்சாரைப் போட்டேன், நெடி பாதி குறைந்தது. மீதிப் பாதிதான் இன்றைய கதை.

சரி, ஃபியூயல் ட்ரிம், அதாவது சென்சார் சொல்வதை வைத்து ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது) +22 சதவீதம், 2500 ஆர்பிஎம்மில் +7. ஐடிலில் அதிகம், வேகம் ஏறினால் குறைவு. இதைப் பார்த்தால் யாரும் வேக்குவம் லீக், அதாவது என்ஜின் காற்றை உறிஞ்சும் இன்டேக் பக்கம் ஓட்டை, என்றுதான் சொல்வார்கள். நானும் இன்டேக் பக்கம் மூன்று நாள் குழாய் குழாயாகத் தடவினேன். ஒன்றும் அகப்படவில்லை.

புகை வெளியேறும் பக்கம் ஓட்டை இருந்தாலும், அதாவது எக்ஸாஸ்ட் லீக்கும், இதே வேஷத்தைக் கட்டும், அதுதான் எனக்கு உறைக்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் துப்பியதும் ஓர் அழுத்த அலை போகும், அதன் பின்னாலேயே ஒரு கணம் உறிஞ்சல் வரும். சென்சாருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தால் அந்தக் கணத்தில் வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து லீன் என்கிறது, ஈசியூ நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. வேகம் ஏறினால் புகை நெருக்கியடித்துப் போவதால் காற்று நுழைவது குறையும். டிக் டிக் காலையில் அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் கேட்டதும் இதனால்தான். இரும்பு விரிந்து இடுக்கைக் கொஞ்சம் அடைத்திருக்கிறது.

இப்போது என் சாதனை. வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயைக் காற்று ஊதும் பக்கம் மாற்றிச் செருகினேன். சைலன்சர் வாயில் பழைய துணியைச் சுற்றி அதை வைத்து அடைத்தேன். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், ஆஃப் செய்திருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். மேனிஃபோல்டு முழுக்க சோப்புத் தண்ணீர் தெளித்தேன். முதல் போர்ட் (முதல் சிலிண்டரின் புகை வாய்) சும்மா, இரண்டாவது சும்மா, மூன்றாவதும் சும்மா. நாலாவதின் அடியில், கண்ணுக்கே தெரியாத மூலையில், குழந்தை எச்சில் விடுவது போல நுரை நுரையாக வந்தது பாருங்கள்! நான் கத்திய கத்தில் கேமரா கீழே விழுந்தது. அந்த நுரையை மட்டும் எட்டு நிமிடம் எடுத்து வைத்திருக்கிறேன், கடைசியில் முழுசாகப் போடுகிறேன். வேண்டாதவர்கள் தள்ளிவிட்டுப் போங்கள்.

கழற்றினால், நகக்கண் அளவு பழைய கேஸ்கெட் (இடுக்கில் கசியாமல் நடுவே வைக்கும் தகடு) துண்டு, மேனிஃபோல்டு பூட்டும் சிலிண்டர் ஹெட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேனிஃபோல்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எங்கே தவறவிட்டேன் என்று என் பழைய வீடியோவையே போட்டுப் பார்த்தேன். "சுத்தமா சுரண்டியாச்சு" என்று நான் பீற்றிக்கொள்ளும் அதே ஷாட்டில், என் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே அந்தத் துண்டு இருக்கிறது!

"சிலிகான் பேஸ்ட் தடவி அடைச்சிடுங்க" என்று எழுதப்போகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். எல்லா சிலிகானும் இதற்கு ஆகாது, அதன் ஆவி பட்டால் ஆக்சிஜன் சென்சாரே செத்துவிடும். சுரண்டினேன், ஸ்கேல் வைத்து மட்டம் பார்த்தேன், புது கேஸ்கெட் போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு நட்டுகளை முறுக்கினேன். பழைய ட்ரிம்மை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டினேன். ஐடிலில் +2, 2500இல் +1. விளக்கு அணைந்தது, பிளக் நான்கும் இளம்பழுப்பு.

வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் மட்டும் ஒரு கரி வளையம். மூன்று தடவை தேய்த்தும் போகவில்லை. வீட்டில் இன்னும் யாரும் பார்க்கவில்லை, இந்த வீடியோவையும் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.