கோழி வாங்குவதற்கு முன் கிணற்றைப் பாருங்கள்: யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டம்

வணக்கம் உறவுகளே. வளவில் நாலு கோழியை விட்டு, கத்தரியும் வெண்டியும் நட்டால் சந்தைக்கே போகாமல் சீவிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முழுவதும் முடியாது. அரிசி, பருப்பு, சீனி வாங்கத்தான் வேண்டும். ஆனால் முட்டை, கீரை, மிளகாய், முருங்கைக்காய், கறிக்குத் தேவையான காய் இவற்றுக்கு இரண்டு பரப்புக் காணி, அதாவது ஏறக்குறைய எட்டிலொரு ஏக்கர், தாராளமாகப் போதும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.

நான் இப்போது நிற்பது கிணற்றடியில். கோழியைப் பற்றிக் கேட்டால் இவள் ஏன் கிணற்றைக் காட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை செம்மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. கீழே கடலின் உப்புநீர், அதன்மேல் மிதப்பது நாம் குடிக்கிற நல்ல தண்ணீர். மோட்டாரைப் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். அந்தக் கல்லோ வெடிப்பும் துவாரமுமாக இருப்பதால், மேலே நாம் கொட்டுவதைப் பெரிதாக வடிகட்டாமலே கீழே விட்டுவிடும்.

கோழி எச்சத்தில் நைதரசன் அதிகம். மாட்டெருவை விடச் சூடான எரு. அதைக் கிணற்றடியில் குவித்து வைத்தால், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நைதரசனைத் தண்ணீரில் கரைகிற நைத்திரேற்றாக மாற்றும், மாரி மழை அதை நேரே கிணற்றுக்குள் இறக்கும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்த விடயம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதிக்க வைத்துக் குடிக்கிறோமே என்று சொல்லாதீர்கள். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நைத்திரேற்று கூடினால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோவது குறையும், அதனால் பால்மா கரைத்துக் கொடுக்கிற கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் இதைத் தயவுசெய்து விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

அதனால்தான் எங்கள் கோழிக்கூடு கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால், வளவின் கடைசி மூலையில் இருக்கிறது. வாருங்கள், அங்கே போவோம்.

நிலத்தில் கனமாக உமியும் மரத்தூளும் பரவியிருக்கிறோம். எச்சம் விழுந்து ஈரமானால் கிளறி விட்டு, மேலே இன்னும் கொஞ்சம் உமி. நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டால், இல்லை. அடித்தால் உமி குறைந்துவிட்டது என்று அர்த்தம். அள்ளுகிற உமியும் எச்சமும் இந்தக் குவியலுக்கு வருகிறது. கமெராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன், பாருங்கள். ஒரு அடுக்கு எரு, அதன்மேல் காய்ந்த மாவிலை, பலாவிலை, நறுக்கிய பனையோலை, பிறகு மறுபடியும் எரு. இந்த இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் குத்தி வைத்திருந்தேன். இப்போது உருவுகிறேன். தொட்டால் கை சுடுகிறது! உள்ளே வேலை நடக்கிறது. சூடு ஆறி, எச்ச வாடை போய், புது மழை பெய்த மண்ணின் மணம் வரும்வரை இதைப் பாத்திக்குப் போட மாட்டோம். மழைக்காலத்தில் மேலே ஒரு தகரமாவது கட்டாயம் வேண்டும்.

இது புதுப் புத்தி ஒன்றும் இல்லை. பூவரசங்குழையும் பனையோலையும் வெட்டித் தோட்டத்தில் தாட்டு மண்ணை வளர்த்த ஊர் இது. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை வந்து, நவம்பரில் அது நீங்கும்வரை கமக்காரர்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். ஒரு உத்தரவால் மண் மாறாது. குழையும் எருவும் போட்டுப் போட்டு, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் மாறும். மறு ஆண்டு உணவுத் தட்டுப்பாட்டுப் பயத்தில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்கள். 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையே இறக்குமதி செய்தார்கள். தீவனம் கிடைக்காமல் பண்ணைகள் சுருங்கியதும் அதற்கு ஒரு காரணம்.

அதனால் எந்தக் கோழி என்பதையும் யோசிக்க வேண்டும். பண்ணை லேயர் கோழி முட்டையைக் கூடுதலாகத் தரும், ஆனால் கடைத் தீவனம் இல்லாவிட்டால் தராது. ஊர்க்கோழி குறைவாகத்தான் இடும். ஆனால் சோற்று மிச்சம், தேங்காய்ப்பூ, குறுநல் அரிசி, எள்ளுப் பிண்ணாக்கு, தானே கிளறிப் பிடிக்கிற பூச்சி என்று சீவித்துவிடும். அதோடு தானே அடையிருந்து குஞ்சும் பொரிக்கும். என் வோட்டு ஊர்க்கோழிக்குத்தான்.

இதோ, இந்தக் கடகத்துக்குள் ஒருத்தி அடையிருக்கிறாள். கையை நீட்டினால் சிறகை உப்பிக்கொண்டு கொத்த வருவாள், அதனால் தூரத்திலிருந்தே காட்டுகிறேன். வைக்கோலை நன்றாகப் பரப்பி, அவள் உடம்புக்குள் அடங்குகிற அளவுக்கு மட்டும் முட்டை வைத்திருக்கிறோம். 21 நாளில் பொரிக்கும். ஒரு கிழமை போனதும் இரவில் முட்டையைக் கைபேசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கருக்கட்டியிருந்தால் சிலந்தி வலை மாதிரிச் சிவப்பு நரம்புகள் தெரியும். ஒன்றுமே தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் எடுத்துவிடுங்கள், விட்டால் கூழ்முட்டையாகி உடைந்து மற்றவற்றையும் கெடுக்கும்.

கோழியும் தோட்டமும் ஒரே வளவில் ஒத்துப்போகுமா? நேரம் பார்த்து விட்டால் ஒத்துப்போகும். நாற்றுப் பாத்தியைச் சுற்றி வலை கட்டாயம், இல்லாவிட்டால் ஒரு பொழுதில் கிளறித் தள்ளிவிடும். காலையில் முட்டையிட்டு முடியும்வரை கூட்டுக்குள். பின்னேரம் திறந்துவிட்டால் இருட்டுமுன் தாமாகவே அடையப் போய்விடும், இடையில் கிளறக் கிடைக்கிற நேரமும் குறைவு. காய் பறித்து முடிந்த பாத்திக்குள் மட்டும் தாராளமாக விடுங்கள். புழுவையும் களை விதையையும் பொறுக்கித் தின்று, அடுத்த நடுகைக்கு மண்ணைப் புரட்டியும் கொடுக்கும். பயிற்றை, பாகல், புடோல் மூன்றும் பந்தலில் ஏறுவதால் கோழிக்கு எட்டாது. குளிக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்குப் போகிறது, அதற்குத் தனியாக ஒரு வாளிகூட இறைப்பதில்லை. பாத்திகளுக்குச் சீமைக்கிளுவைக் குழையை மூடாக்காகப் போட்டிருக்கிறோம். வைகாசி வெயிலிலும் அடியில் மண் ஈரமாக இருக்கிறது, விரலை விட்டுப் பாருங்கள்.

கீரி, மரநாய், பிராந்து இந்த மூன்றுக்கும் கூட்டை நெருக்கமான கம்பி வலையால் அடையுங்கள். ராணிக்கெற் நோய்க்கு முன்கூட்டியே தடுப்பு மருந்து போடுங்கள், வந்தபின் வைத்தியம் இல்லை. எப்போது, எப்படி என்பதைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

கோழி வாங்க நினைக்கிறவர்கள் அதற்கு முதல் ஒரு சுத்தமான போத்தலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை எடுத்து ஆய்வுகூடத்தில் நைத்திரேற்றுப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாரி முடிந்ததும் மறுபடி ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். இரண்டு இலக்கத்தையும் ஊர்ப் பெயரோடு கீழே எழுதினால், அடுத்த காணொளியில் அவற்றை வைத்தே பேசுகிறேன்.