தளம் போடும் நாளும் மில்லர் மெஷினும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுகிறவர்கள் கம்பிக்கும் சிமெண்டுக்கும் நாலு கடை ஏறி இறங்குவார்கள். கலவை இயந்திரத்தை, நம் பக்கத்தில் மில்லர் என்கிறோமே, அதை மட்டும் மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிடுவார்கள். தளம் போடும் அன்று விடிகாலையில் எது வந்து நிற்கிறதோ அதுதான். அப்படி விடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். முன்னாலேயே ஒரு கணக்குப் போடுங்கள். அப்புறம் இயந்திரம் நிற்கிற இடத்துக்கே போய் டிரம்முக்குள் எட்டிப் பாருங்கள்.

கணக்கு எளிது. 600 சதுர அடித் தளம், 5 அங்குல கனம் என்றால் 250 கன அடி கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்று கலந்தால், ஒரு மூட்டை சிமெண்டில் ஏறக்குறைய 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். ஆக 57 மூட்டை வேண்டும். பீம் இருந்தால் அது தனி. ஒரு தடவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் கலவை பிடிக்கிற மில்லரில் பொருளைப் போட்டு, சுற்றி, கொட்டி முடிக்க நாலு நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 15 மூட்டை ஓடும், நாலு மணி நேரத்தில் வேலை முடியும். அதே தளத்துக்கு அரை மூட்டை மில்லரைக் கொண்டுவந்தால் எட்டு மணி நேரம். காலையில் போட்ட ஓரம் இறுகிப்போயிருக்கும், அதன் பக்கத்தில் புதுக் கான்கிரீட் வந்து விழும். இரண்டும் ஒன்றாகச் சேராது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன், என் மேற்பார்வையில் நடந்த ஒரு வேலையில், பாதித் தளம் முடிந்த நேரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. மாற்று மில்லர் வந்து சேர மூன்று மணி நேரம். அந்த ஐப்பசி மழையில், நிறுத்தின இடத்தில் கோடு போட்ட மாதிரி தண்ணீர் இறங்கியது. கீழே அந்த வீட்டுப் பாட்டி வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்தத் தெருப் பக்கம் போனால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். அன்று காலையில் ஒரு தடவை எஞ்சினை ஓட்டிப் பார்த்திருந்தால் போதும்.

வாடகைக்கு விடுகிறவர்கள் 'பத்துக்கு ஏழு' என்பார்கள். உலர்ந்த பொருள் 10 கன அடி பிடிக்கும், கலந்த கான்கிரீட் 7 கன அடி வரும் என்று பொருள். லிட்டரில் 280, 200. ஒரு மூட்டைக் கலவைக்கு அது தாராளம். ஆனால் டிரம் பழையதாக இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். உள்ளே பழைய கான்கிரீட் கல்லாக ஒட்டியிருந்தால் இடம் குறையும். பிளேடு தேய்ந்திருந்தால் ஜல்லி மேலே ஏறி விழாது, அடியிலேயே சறுக்கிக்கொண்டிருக்கும். வெளியே புது பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொருளை டிரம்முக்குள் ஏற்றிக் கொட்டுகிற தொட்டியை ஹாப்பர் என்பார்கள், அதைத் தூக்கும் கம்பிக் கயிற்றில் இழை பிரிந்திருந்தால் அந்த மில்லர் வேண்டவே வேண்டாம். ஹாப்பருக்குக் கீழே சிந்தின ஜல்லியைக் கூட்டி அள்ளப் போகிறவர் பெரும்பாலும் ஒரு சித்தாள் பெண்தான்.

நல்ல மில்லரையும் அவசரம் கெடுக்கும். எல்லாப் பொருளும் தண்ணீரும் உள்ளே போனபின் குறைந்தது 2 நிமிடம் சுற்ற வேண்டும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அரை நிமிடத்தில் கொட்டச் சொல்கிற வேகம் வேலையிடத்தில் உண்டு, நீங்கள் கூட நின்று பாருங்கள். முன்னால் சொன்ன ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவைக்கு, அதைத்தான் எம் 20 என்பார்கள், மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். ஈர மணலில் இருக்கிற தண்ணீரும் இதில் அடக்கம். ஹோஸ் பைப்பைப் பிடிக்க விடாமல் அளவு வாளி கொடுங்கள். முதல் கலவையின் சாந்து டிரம்மிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதற்கு மட்டும் சிமெண்ட் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

பழுதுபார்க்கும் வேலைக்கு வேறு கணக்கு. சன்ஷேடு, குளியலறைத் தரை என்று இரண்டு மூன்று மூட்டை வேலைக்கு, கேட் வழியாக நுழைகிற சின்ன மின்சார மில்லர் போதும், வீட்டு சிங்கிள் பேஸிலேயே ஓடும். ஜல்லி இல்லாத பூச்சுக் கலவை டிரம்மில் உருண்டை உருண்டையாகத் திரண்டு ஒட்டும், அதற்குத் தட்டையான சட்டிக்குள் துடுப்பு சுற்றிக் கலக்கும் பான் மிக்சர் நல்லது. தூணில் பெயர்ந்த இடத்தை அடைக்க ஒரு வாளிக் கலவைதான் வேண்டுமென்றால், டிரில்லிங் மெஷினில் துடுப்பு மாட்டி வாளியிலேயே கலக்கிவிடலாம்.

வேலை முடிந்ததும் டிரம்மில் நாலு சட்டி ஜல்லியும் தண்ணீரும் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள், சாந்து இறுகுவதற்கு முன்பே. அடுத்த வாரம் அதே மில்லர் இன்னொருவர் வீட்டுத் தளத்துக்குப் போக வேண்டும். வணக்கம்.