ஜூன் லீவுல சுவிஸ் மலையில ஸ்கீயிங் பண்ண முடியுமா? உங்க சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. ஜூன் ஸ்கூல் லீவுக்கு குடும்பத்தோட சுவிட்சர்லாந்து போறாங்களாம், பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 8 வயசு, யாரும் இதுவரைக்கும் ஸ்கீ, அதான் பனியில சறுக்கறதுக்குக் கால்ல மாட்டற நீளப் பட்டை, போட்டதே இல்ல. அங்க செர்மாட்ங்கற மலை ஊர்ல வெயில் காலத்துலயும் ஸ்கீயிங் இருக்குன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாராம், அது நெசமான பனியா, மெஷின் பனியா, பிள்ளைங்கள நம்பி கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டிருக்காங்க.

நெசமான பனிதான் அக்கா. ஜூரோங் ஈஸ்ட்ல இருக்கற ஸ்னோ சிட்டி மாதிரி கட்டடத்துக்குள்ள குளிர வச்ச பனி இல்ல, போன குளிர்காலத்துல வானத்துல இருந்து விழுந்த பனி இன்னும் அங்கயே கிடக்கு. ஏன் உருகாம கிடக்குன்னா முதல் காரணம் உயரம். 1000 மீட்டர் மேல ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும்னு கணக்கு வச்சுக்கோங்க. செர்மாட் ஊரு 1,600 மீட்டர்ல இருக்கு, அங்க இருந்து கேபிள் கார் போய் நிக்கற கிளைன் மேட்டர்ஹார்ன் மலை 3,883 மீட்டர், ஐரோப்பாவுலயே உயரமான கேபிள் கார் ஸ்டேஷன் அதுலதான் இருக்கு. நம்ம புக்கிட் தீமா மலை 164 மீட்டர், அத 23 தடவ அடுக்கினாலும் அந்த உயரம் வராது. கீழ ஊர்ல 20 டிகிரி வெயில் அடிச்சா மேல 5 டிகிரி பக்கம்தான் இருக்கும், ராத்திரியில சைபருக்கும் கீழ போயிடும்.

ரெண்டாவது காரணம் அந்தப் பனிக்குக் கீழ இருக்கறது. அது மண்ணோ பாறையோ இல்ல, கிளேசியர். தமிழ்ல பனியாறுன்னு சொல்றாங்கல்ல, எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா அது நெசமாவே ஆறுதான், ஓடுது, ஆனா மெதுவா ஓடுது. வருஷா வருஷம் விழுற பனி ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி அமுங்கி உள்ள இருக்கற காத்துல பெரும்பகுதி வெளிய போயி கடைசியில கெட்டி ஐஸா மாறி, தன்னோட எடையாலயே சரிவுல கீழ நகருது. செர்மாட்ல இருக்கறது தியோடுல் கிளேசியர், அதுக்கு மேல போன குளிர்காலத்துப் பனி ஒரு போர்வை மாதிரி. நீங்க சறுக்கறது அந்தப் போர்வையில. இத மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

ஓடுற ஆறு இல்லயா, அதனாலதான் மேல பல இடத்துல நாற்காலி லிஃப்ட் வைக்க மாட்டாங்க, பெரிய தூண நட்டா அது ஐஸோட சேந்து நகந்துடும். அதுக்குப் பதிலா டீ-பார்னு ஒண்ணு இருக்கும், நங்கூரம் மாதிரி ஒரு கம்பி மேல இருந்து தொங்கும், அத இடுப்புக்குப் பின்னால குடுத்துக்கிட்டு நின்னபடியே ஸ்கீயோட மேல இழுபட்டுப் போகணும். புதுசா வர்றவங்களுக்கு சறுக்கறத விட இதுதான் கஷ்டம், 8 வயசுப் பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். அதே மாதிரி ஐஸ் நகரும்போது வளைவுல விரிசல் விடும், கிரவாஸ்னு சொல்வாங்க, ஆழமா இருக்கும், மேல மெல்லிசா பனி மூடியிருந்தா கண்ணுக்கே தெரியாது. கம்பு நட்டு காட்டியிருக்கற பாதைக்குள்ள இருக்கற வரைக்கும் பயமில்ல, ஃபோட்டோ எடுக்கறதுக்குக்கூட அத தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது, பிள்ளைங்களுக்கு இத ஹோட்டல்லயே உக்கார வச்சு சொல்லிடுங்க.

இப்ப நேரம். வெயில் கால ஸ்கீயிங்னா அது காலை வேலை, இத எத்தன தடவ சொன்னாலும் பத்தாது. பகல்ல மேல் பனி லேசா உருகும், ராத்திரி திரும்ப உறையும். காலையில முதல் லிஃப்ட்ல போனீங்கன்னா சிமெண்ட் தரை மாதிரி கெட்டியா கரகரன்னு சத்தம் போடும், ஒன்பது பத்து மணிக்கு மேல்பக்கம் மட்டும் ஒரு விரக்கட இளகி வரும் பாருங்க, அந்த ஒண்ணு ஒண்ணரை மணி நேரம்தான் அருமையான நேரம், ஸ்கீ வெண்ணெயில போற மாதிரி போகும். அப்புறம் பதினொன்ற பன்னெண்டு ஆச்சுன்னா, ஐஸ் கச்சாங், அதான் துருவின ஐஸ்ல செய்யற இனிப்பு, வாங்கி மேசையில வச்சுட்டுப் பேசிக்கிட்டே இருந்தா எப்படி ஆகும், அப்படி. கால் புதையும், முட்டி திரும்பிக்கும், அதனால மத்தியானத்தோட லிஃப்டையே நிறுத்திடுவாங்க. எட்டு மணிக்கு எந்திரிச்சு ஹோட்டல்ல நல்லா சாப்பிட்டு பத்தரைக்குக் கிளம்பலாம்னு நெனச்சா டிக்கெட் காசு போனதுதான்.

இன்னொண்ணு, எல்லாரும் மறுநாள் வெயிலா மழையான்னு பாப்பாங்க, நான் முந்தின நாள் ராத்திரி மேகம் இருக்கான்னு பாப்பேன். வானம் தெளிவா இருந்தா பனியோட சூடு அப்படியே மேல போயிடும், காத்து சைபருக்குக் கொஞ்சம் மேல இருந்தாக்கூட பனி உறைஞ்சிடும். மேகம் மூடியிருந்தா போர்வை போத்தின மாதிரி, சரியா உறையாது, காலையிலயே சொதசொதன்னு இருக்கும். அங்க ட்ரெய்னிங் எடுக்க வர்ற நாட்டு டீம்கள், ரேஸ் ஓடறவங்க, ஈரமான பனி இறுகறதுக்கு மேல உப்பு தூவுவாங்க. உப்பு போட்டா உருகத்தானே செய்யும்னு கேப்பீங்க. குல்ஃபி விக்கறவங்க பானை ஐஸ்ல உப்பு போடறாங்கல்ல அதே கதைதான், கொஞ்சம் உருகும், உருகறதுக்கு வேணும்ங்கற சூட பக்கத்துல இருந்து இழுக்கும், பக்கத்துல இருக்கறது இறுகிடும்.

உடம்பு விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு முக்கியம். நான் முதல் தடவ எங்க சொந்த அக்கா குடும்பத்தோட போனப்ப சாங்கி ஏர்போர்ட்ல இருந்து ஏறி சூரிக்ல இறங்கி அன்னிக்கு ராத்திரியே செர்மாட் போய்ச் சேந்து மறுநாள் காலையில மேல ஏறிட்டோம். நாமெல்லாம் கடல் மட்டத்துல வாழறவங்க. 3,883 மீட்டர்ல காத்தழுத்தம் குறைஞ்சு, ஒரு மூச்சுக்கு இங்க கிடைக்கற ஆக்சிஜன்ல மூணுல ரெண்டு பங்குகூட கிடைக்காது. கொஞ்சம் படி ஏறினதும் எங்க அக்காவுக்கு தலைவலி, அரை மணி நேரத்துல வாந்தி, கீழ கூட்டிட்டு வந்ததும் சரியாச்சு. அந்த முகத்த நான் இன்னும் மறக்கல, அதனால சொல்றேன், 2,500 மீட்டருக்கு மேல போனா இது யாருக்கு வேணும்னாலும் வரும், திடகாத்திரமான ஆளுக்கும் வரும். ஊர்ல ரெண்டு ராத்திரி தூங்கிட்டு அப்புறம் ஏறுங்க, தண்ணி நிறைய குடிங்க, பிள்ளை தலை வலிக்குதுன்னு சொன்னா இன்னும் ஒரு ரவுண்டு போயிட்டு பாப்போம்னு சொல்லாதீங்க, உடனே கீழ இறங்குங்க. வெயிலும் அங்க வேற மாதிரி, ஏற ஏற யூவி, அதான் தோலைச் சுடற கண்ணுக்குத் தெரியாத கதிர், கூடும், புதுப் பனி அதுல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி மூஞ்சியில அடிக்கும், நாடிக்குக் கீழ, மூக்குத் துவாரத்துக்குக் கீழகூட சன் ப்ளாக் பூசணும். நம்ம கலருக்கு இதெல்லாம் தேவையில்லன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. கண்ணாடி இல்லாம நின்னா கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரிச்சல் எடுத்து ராத்திரி பூரா தூங்க முடியாது.

அப்ப பிள்ளைங்கள கூட்டிட்டுப் போகலாமா? ஸ்கீயே தெரியாத பிள்ளைங்களுக்கு முதல் பாடம் 3,800 மீட்டர்ல வேணாம்ங்கறது என் கருத்து. போற வழியில துபாய்ல இறங்குறீங்கன்னா அங்க மால்குள்ள இருக்கற ஸ்கீ துபாய்ல ஒரு நாள் வாத்தியார் வச்சு கத்துக்கட்டும், நிக்கவும் திரும்பவும் நிறுத்தவும் வந்துட்டா அப்புறம் மேல போங்க. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போகலாமேன்னு சிலர் கேப்பாங்க, அங்க அது குளிர்காலம், கத்துக்க நல்ல இடம்தான், ஆனா ஜூன் ஆரம்பத்துல பனி இன்னும் சரியா சேந்திருக்காது, நம்ம லீவோ அப்பத்தான் வருது. ஜூன்ல ஐரோப்பாவுல செர்மாட் தவிர ஆஸ்திரியாவுல ஹின்டர்டுக்ஸ் இருக்கு, இத்தாலியில ஸ்டெல்வியோ இருக்கு. ஸ்டெல்வியோ விசேஷம், குளிர்காலத்துல பனி மூடி ரோடே கிடையாது, அதனால அங்க வெயில் காலத்துல மட்டும்தான் ஸ்கீயிங். சுவிஸ்லயே இருக்கற சாஸ்-ஃபே ஜூலையிலதான் தொறப்பாங்க, உங்களுக்கு ஒத்து வராது.

ஆனா டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 365 நாளும் ஸ்கீயிங்னு பேர் வாங்கின செர்மாட்டே 2022 ஜூலை கடைசியில பனி பத்தாம நிறுத்திட்டாங்க. அந்த மாசம் 25ந் தேதி சுவிஸ் மேல சைபர் டிகிரி ஆரம்பிக்கற உயரம் 5,184 மீட்டருக்குப் போச்சு, செர்மாட்ல தெரியற பெரிய மேட்டர்ஹார்ன் மலை உச்சியே 4,478தான், அப்ப மலை முழுக்க உருகற சூட்டுல நின்னிருக்கு. 2023 ஆகஸ்ட்ல அதையும் தாண்டி 5,298. அந்த ரெண்டே வருஷத்துல சுவிஸ் பனியாறுகள்ல பத்துல ஒரு பங்கு ஐஸ் காணாமப் போச்சு. பொலிவியாவுல சக்கல்தாயான்னு ஒரு இடம், 5,000 மீட்டருக்கு மேல, ஒரு காலத்துல உலகத்துலயே உயரமான ஸ்கீ மலை, அந்தக் கிளேசியர் 2009லயே முழுசா போயிடுச்சு. இத சொல்லும்போது எனக்கு மனசு கனக்குது, நாலு மணி நேரம் நம்ம பிள்ளைங்க சறுக்கி விளையாடற ஐஸ் எத்தனையோ தலைமுறையா சேந்தது.

அதனால அக்கா, ஹோட்டல் எடுக்கும்போது ரத்து பண்ண முடியற மாதிரி எடுங்க, இன்ஷூரன்ஸ்ல ஸ்கீயிங் சேத்திருக்காங்களான்னு படிச்சுப் பாருங்க, கிளம்பற வாரம் லிஃப்ட் கம்பெனி வெப்சைட்ல எந்தப் பாதை தொறந்திருக்குன்னு பாருங்க. மூடியிருந்தா பிள்ளைங்க முகம் வாடும், அப்ப செர்மாட்லயே கோர்னர்கிராட் ரயில் இருக்கு, 1898ல இருந்து ஓடுற பல்சக்கர ரயில், 3,089 மீட்டர் வரைக்கும் உக்காந்தே போயிடலாம், இறங்கி நின்னீங்கன்னா எதிர்ல பனியாறு வளைஞ்சு இறங்கறது முழுசாத் தெரியும். காலையில முதல் வண்டி பிடிங்க, மேகம் ஏறறதுக்கு முன்னாடி.