கையெழுத்துக்குப் பிறகுதான் ரகசியம் கசிகிறது

நண்பர்களே, வணக்கம்.

தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனம் நடத்துகிறவர்கள் பலருக்கு ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒரு நுழைவுச் சீட்டு. வாடிக்கையாளர் அனுப்புகிறார், கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார், போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த நாலு பக்கத்தில் இருப்பவை எல்லாம் நாம் செய்வதாக ஒப்புக்கொண்ட வேலைகள். நம் அலுவலகத்தின் அன்றாட நடைமுறையால் செய்யவே முடியாத ஒரு வரி அதில் இருந்தால், கையெழுத்திட்ட அன்றே மீறலும் ஆரம்பித்துவிடுகிறது. அப்படிப்பட்ட வரிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வாய்மொழித் தகவல். "பேச்சில் வெளியிட்ட தகவலை இத்தனை நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்தால்தான் அது ரகசியம்" என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. 2013-இல் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கன்வால்வ் என்ற நிறுவனம் காம்பாக் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு இதில்தான் சறுக்கியது. கன்வால்வ் தன் வட்டு இயக்கித் தொழில்நுட்பத்தைப் பேச்சுவார்த்தையில் விளக்கியது. 20 நாளுக்குள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது; செய்யவில்லை. எல்லாமே ரகசியம் என்று இரு தரப்புக்கும் தெரியும் என வாதிட்டும் எடுபடவில்லை. அப்படிச் சொன்ன தகவல்களுக்கு வணிக ரகசியப் பாதுகாப்பு போயிற்று.

ஆலோசகரின் வேலையில் முக்கால்வாசி வீடியோ அழைப்பிலும் திரைப் பகிர்விலும்தான் நடக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்று செய்யுங்கள். அந்த ஷரத்தை எடுத்துவிட்டு, "வெளியிட்ட சூழலைப் பார்த்தால் ரகசியம் என்று நியாயமாகப் புரியக்கூடியது" என்ற வரியைக் கேட்டுப் பெறுங்கள். வாடிக்கையாளர் மறுத்தால், நம் பக்கத்திலிருந்து எதையாவது காட்டிய ஒவ்வொரு அழைப்பும் முடிந்த அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் போகட்டும். "இன்று காலை 11 மணி அழைப்பில் நாங்கள் காட்டிய தரவு இடமாற்றக் கருவியின் வரைபடம், அதன் பிழைச் சோதனை விதிகள் ஆகியவை ஒப்பந்தத்தின் கீழ் ரகசியத் தகவல்." அவ்வளவுதான். "இன்று பேசியது எல்லாம் ரகசியம்" என்று மொத்தமாக எழுதினால், பின்னால் தகராறு வரும்போது எது என்று காட்ட முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

"நாங்கள் காட்டிய" என்றேன், கவனித்திருப்பீர்கள். வாடிக்கையாளர் அனுப்பும் வரைவு பெரும்பாலும் ஒருவழி: அவருடையது மட்டும் ரகசியம். நம் மதிப்பீட்டு முறை, விலை கணக்கிடும் விதம், நாம் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் அங்கே காப்பில்லாமல் நிற்கும். இருவழி ஒப்பந்தம் கேளுங்கள். அதுவும் முன்மொழிவு அனுப்புவதற்கு முன்பே. பலர் முழுக் கட்டமைப்பையும் முன்மொழிவில் வரைந்து அனுப்பிவிட்டு, வேலை கிடைத்த பிறகுதான் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

அடுத்தது நோக்கம். "வணிக உறவு குறித்து" என்று எழுதினால் அதற்குள் எதை வேண்டுமானாலும் நுழைக்கலாம். "கிடங்கு இருப்பு மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து கிளவுடுக்கு மாற்றும் பணியை மதிப்பிடவும் செய்து முடிக்கவும்" என்று எழுதினால் எல்லை தெரிகிறது. தகவலை அந்த எல்லைக்கு வெளியே பயன்படுத்துவதும் மீறல்தான். யாரிடமும் சொல்லாவிட்டாலும் மீறல்தான். ஒரு வாடிக்கையாளரின் தரவு அமைப்பைப் பார்த்து அடுத்தவருக்கு விலை சொல்வது இந்த வகை.

இங்கேதான் நம் தொழிலின் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஆலோசகர் பத்து இடத்தில் கற்றதைப் பதினோராவது இடத்தில் விற்றுப் பிழைக்கிறவர். ஆகவே சிலர் "குறிப்புகளின் உதவியின்றி நினைவில் தங்கிய தகவலைப் பயன்படுத்தலாம்" என்ற ஷரத்தைக் கேட்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. நினைவாற்றல் நல்லவருக்கு இது திறந்த கதவு என்பது வாடிக்கையாளரின் வழக்கறிஞருக்குத் தெரியும். பேச்சுவார்த்தை அங்கேயே நின்றுவிடும். மாறாக, "பொதுவான தொழில் திறன், அனுபவம், துறையில் பரவலாக அறிந்த முறைகள் ரகசியத் தகவல் ஆகா, மூலநிரல், வாடிக்கையாளரின் எண்கள், பெயர்கள், வணிக விதிகள் எக்காலத்திலும் இந்த விலக்கில் அடங்கா" என்று கேளுங்கள். தரவுத்தளத்தில் எந்த வினவலுக்கு எந்தத் தேடல் அட்டவணை (இன்டெக்ஸ்) வேகம் தரும் என்ற அறிவு உங்களுடையது. அந்த நிறுவனம் யாருக்கு எத்தனை சதவீதத் தள்ளுபடி தருகிறது என்பது அவர்களுடையது.

வழக்கமான விலக்குகள் நான்கும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்: ஏற்கெனவே பொதுவில் இருப்பது, முன்பே நம்மிடம் இருந்தது, நாமே தனியாக உருவாக்கியது, கட்டுப்பாடில்லாத மூன்றாம் தரப்பிடம் பெற்றது. மூன்றாவதை, அதாவது நாமே உருவாக்கியதை, நிரூபிக்க நிரலில் செய்த மாற்றங்களைக் காட்டும் தேதியிட்ட கமிட் பதிவுகள் வேண்டும். வெறும் வாய்ச்சொல் போதாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு வணிக ரகசிய நெறிமுறையின்படி, சட்டப்படி கையில் உள்ள பொருளைப் பிரித்து ஆராய்வது தவறில்லை, ஒப்பந்தம் தடுத்திருந்தாலொழிய. நம் கருவியை வாடிக்கையாளரிடம் விட்டுவிட்டு வருவதானால் அந்தத் தடையை எழுத்தில் வையுங்கள். அதே 2016-இல் வந்த அமெரிக்க வணிக ரகசியச் சட்டத்தில் இன்னொரு நுணுக்கம்: சட்டமீறலை அரசிடம் முறையிடும் தனிநபருக்குப் பாதுகாப்பு உண்டு என்ற அறிவிப்பை ஊழியர் ஒப்பந்தத்தில் மட்டுமின்றி, தனிநபர் ஆலோசகரோடு செய்யும் ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால், அந்த நபர் மேல் வழக்குப் போடும்போது தண்டனை இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் கேட்க முடியாது.

கால அளவு பற்றிச் சுருக்கமாக. சாதாரண ரகசியத் தகவலுக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு என்று எழுதுவது வழக்கம். மூலநிரலையும் சூத்திரங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். "ரகசியமாக இருக்கும் வரை" என்று தனியாக எழுதுங்கள். காலம் முடிந்ததும் கடமையும் முடிந்தது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுக்கக் கூடாது.

இனி கசிவு உண்மையில் நடக்கும் இடங்கள்.

துணை ஒப்பந்ததாரர். ஒரு ஃப்ரீலான்சருக்கு லாகின் கொடுத்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பது தலைகீழ். நாம் ஏற்ற அதே கடமைகளை அவரும் எழுத்தில் ஏற்ற பிறகே அனுமதி. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டைப் பகிர்ந்தால், யார் எதை எப்போது பார்த்தார் என்று நுழைவுப் பதிவு (லாக்) சொல்லாது.

செயற்கை நுண்ணறிவுக் கருவி. பிழை தேடுவதற்காக வாடிக்கையாளரின் நிரலை ஓர் உரையாடல் கருவியில் ஒட்டுவது மூன்றாம் தரப்புக்கு வெளியிடுவதுதான். அந்தச் சேவை அதைச் சேமிக்கிறதா, பயிற்சிக்கு எடுக்கிறதா என்பது சந்தாவைப் பொறுத்தும் அமைப்பைப் பொறுத்தும் மாறும். அனுமதித்த கருவிகளின் பெயர்களை ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதி, பட்டியலில் இல்லாதது தடை என்று சொல்லுங்கள்.

தனிநபர் தரவு இருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் மட்டும் போதாது. 2018 மே 25 முதல் அமலில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 28-ஆம் பிரிவு, தரவைக் கையாளுபவரோடு தனி விதிமுறைகள் கொண்ட எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது.

மீறல் நடந்தால் "உடனடியாக" தெரிவிக்க வேண்டும் என்ற சொல்லை மாற்றுங்கள். "தெரியவந்த 48 மணி நேரத்துக்குள்" என்றால் சண்டை வராது. இழப்பீட்டு வரம்பையும் பாருங்கள்: முக்கிய ஒப்பந்தத்தில் வரம்பு போட்டுவிட்டு, ரகசிய மீறலுக்கு மட்டும் வரம்பில்லை என்று கடைசிப் பக்கத்தில் ஒளித்திருப்பார்கள். காப்பீடு தாங்குமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். கறந்த பால் மடி புகாது என்பதால் நீதிமன்றத்தில் முதலில் கேட்பது தடையுத்தரவைத்தான், பணம் பிறகு.

கடைசியாக, திட்டம் முடிந்தபின் "எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும்" என்ற ஷரத்து. பிரதிகள் எங்கே இருக்கின்றன? பதிவிறக்க ஃபோல்டரில், மின்னஞ்சல் இணைப்பில், அரட்டைக் குழுவில், கைபேசி ஸ்கிரீன்ஷாட்டில், கூட்டப் பதிவில், கிளவுட் பேக்கப்பில். கிட் ரெப்போவில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும் களஞ்சியம்) ஏ.பி.ஐ. கீயை (ஒரு சேவைக்குள் நுழைய உதவும் ரகசியக் குறியீடு) அழித்துப் புது கமிட் போட்டாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். அந்தக் கீயை வாடிக்கையாளரே ரத்து செய்து புதிது உருவாக்க வேண்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் கோப்புகளை மட்டும் பிரித்து எடுப்பது பல அமைப்புகளில் நடைமுறைக்கு ஒத்துவராது. ஆகவே "தானியங்கிப் பேக்கப் அதன் சுழற்சி முடியும்வரை இருக்கலாம், அதுவரை யாரும் திறக்கக் கூடாது, ரகசியக் கடமை தொடரும்" என்ற விலக்கை முதல் வரைவிலேயே சேருங்கள். சுழற்சி, அதாவது பழைய பேக்கப் தானாக அழிய ஆகும் காலம், 90 நாள் என்றால் 90 என்றே எழுதுங்கள். அழிப்புச் சான்றிதழில் கையெழுத்திடுபவர் நிர்வாக இயக்குநராக இல்லாமல், அந்த ஃபோல்டர்களை உண்மையில் திறந்து பார்த்தவராக இருக்கட்டும்.